'டு கேட்ச் எ தீஃப்' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைக்குமா?

நண்பர்களே, ஹிட்ச்காக்கின் 1955 படம் இது. திருட்டை விட்டு ஒதுங்கி வாழும் கேரி கிராண்ட், தன் பாணியிலேயே நகை திருடும் ஆளைத் தானே பிடிக்கக் கிளம்பும் கதை. அம்மாவுக்குப் போட்டுக் காட்ட ஆசை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வசனத்தில் பாதி சீண்டலும் காதலும், நான் இடையிடையே விளக்கினால் சுவை போய்விடும். தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா?

இன்னொன்று. என் டிவிடியில் கூரைமேல் நடக்கும் இரவுக் காட்சிகள் ஒரே இருட்டு. அந்தப் பச்சை ஒளிதான் எனக்கு உயிர்! ராபர்ட் பர்க்ஸுக்கு ஒளிப்பதிவு ஆஸ்கர் வாங்கித் தந்த படமாயிற்றே. பிரெஞ்சு ரிவியரா மலைப்பாதையில் கிரேஸ் கெல்லி கார் ஓட்டுவதையும் தெளிவாகப் பார்க்கணும். ப்ளூரே வாங்கியவர்கள், இரவுக் காட்சிகள் எப்படி இருக்கின்றன என்று சொல்லுங்களேன்.