புதுப்பிப்பு: டொயோட்டா 86 நான்கு சக்கர இயக்கம், கியர்பாக்ஸ் சூடு பிரச்சினை தீர்ந்தது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: பின்சக்கர இயக்கமான என் 86ஐ நான்கு சக்கர இயக்கமாக்க, டர்பனில் ஸ்கிராப்பில் எடுத்த சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் (நான்கு சக்கர இயக்கக் கார்) ஐந்து கியர் பெட்டியை அதில் ஏற்றினேன். நேர் சாலையிலேயே பெட்டியின் பின்பக்கம் கொதித்தது. பார்க்கிங்கில் திருப்பினால் வண்டி இழுத்துப் பிடித்தது.

இங்கே பதில் போட்ட சாட்ஸ்வர்த் அண்ணன் சொன்னதுதான் சரி: "டிரான்ஸ்ஃபர் கியர் பல்லை எண்ணிப் பாரு தம்பி." பின்கூட்டைக் கழற்றி, பின் சக்கரங்களுக்குச் சக்தியை அனுப்பும் அந்தப் பல்சக்கர ஜோடியை எண்ணினேன், இரண்டும் சமமில்லை, விகிதம் 1.1. முன் டிஃப் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) விகிதம் 3.9 என்றால், அதை 1.1ஆல் வகுத்து, பின்னால் 3.545 வேண்டும். 86இன் சொந்த டிஃப்போ 4.1. அந்த வித்தியாசத்தை முன், பின் அச்சுகளுக்கு நடுவிலுள்ள டிஃப்பின் விஸ்கஸ் கப்ளிங் (வேக வித்தியாசத்தைத் தடுக்கும், கெட்டித் திரவம் நிறைந்த இணைப்பு) ஓயாமல் தின்றுகொண்டிருந்தது. எண்ணெயை மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அதில் ஒன்றும் இல்லை.

அதே வகை டபிள்யூஆர்எக்ஸின் 3.545 பின் டிஃப் கிடைத்தது. பிராக்கெட் வெல்ட் பண்ணி மாட்டினேன், சூடு போய்விட்டது. அப்புறமும் திருப்பும்போது லேசான இழுப்பு. எதிர்பாராதது இதுதான்: முன் டயர்கள் பின்னதைவிட அதிகம் தேய்ந்து, சுற்றளவு குறைந்து, வேகமாகச் சுழன்றன. நான்கையும் ஒரே அளவில் போட்டதும் அதுவும் நின்றது. 86இல் இன்ஜின் தாழ்வாக, பின்தள்ளி இருப்பதால் முன் அச்சுக்காக அதை நகர்த்திய கதை பெரியது. படங்களோடு தனியாகப் போடுகிறேன்.