ஏதென்ஸுக்குள் இருக்கும் துருக்கி ஊர்கள்

ஏதென்ஸ் மேப்பைப் பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் துருக்கியில் இருக்க வேண்டிய பெயர்களாக வரும். புதிய ஸ்மிர்னா, புதிய ஃபிலடெல்ஃபியா, கைசரியானி, நிகேயா. 1922இல், கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில், ஸ்மிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) எரிந்தது. மறுவருடம் சுவிட்சர்லாந்தின் லோசானில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி கிரீஸும் துருக்கியும் மதத்தை வைத்து மக்களை மாற்றிக்கொண்டன: கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, முஸ்லிம்கள் துருக்கிக்கு. அப்படியும், அதற்கு முன்பே தப்பியும் கிரீஸுக்கு வந்து சேர்ந்த சுமார் 12 லட்சம் பேரில் ஒரு பகுதியினர் குடியேறிய இடங்கள் இவை.

பெரிய நகரத்தின் பெயரை வைப்பது எங்கும் நடப்பதுதான். என்னை அசைத்தது சின்ன ஊர்ப் பெயர்கள். எங்கள் கப்பல் ஏதென்ஸ் பக்கத்தில் பெராமா கப்பல் பட்டறையில் ரிப்பேருக்கு நின்றபோது நெயா இயோனியா போனேன். அந்த ஒரு புறநகருக்குள்ளேயே ஒரு பேட்டை இனேபோலி, இன்னொன்று சஃப்ரம்போலி. முதலாவது கருங்கடல் துறைமுகமான இனெபோலு. மற்றது அதற்குத் தென்மேற்கே மலைக்குள் இருக்கும் சஃப்ரன்போலு. சொந்த ஊர்க்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் குடியமர்ந்ததால் ஊர்ப்பெயரும் கூடவே வந்து தங்கிவிட்டது. துருக்கியின் இஸ்பார்த்தா ஊர்க்காரர்கள் கம்பள நெசவையும் கொண்டுவந்தார்கள்.

அங்கே காபிக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். இந்தியா என்றேன். மற்றவர்கள் அடுத்து மும்பையா, டெல்லியா என்பார்கள். இவர், "அது நாடு. ஊர் எது?" என்றார். பெரியதாழை என்று சொல்லி அவர் போனிலேயே மேப்பில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எங்கள் கடற்கரை தெரியும்வரை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனார். அப்புறம் அதே மேப்பைச் சஃப்ரன்போலுவுக்குத் தள்ளி, "இது என் ஊர்" என்றார். பிறந்ததோ ஏதென்ஸில்.

அவருடைய தாத்தா, பாட்டிக்குத் துருக்கி மொழிதான் தெரியுமாம். வந்த புதிதில் உள்ளூர்க்காரர்கள் 'துருக்கி விதை' என்று ஏசியிருக்கிறார்கள். அங்கே துருக்கியில் அந்நியர், இங்கே கிரீஸிலும் அந்நியர். எந்த ஊரிலிருந்து வந்ததற்காகத் திட்டு வாங்கினார்களோ, அந்த ஊர்ப்பெயரையே தெருமுனையில் நிறுத்தியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய துணிச்சல் எனக்குத் தெரிந்து இல்லை. பெரியவர் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். தாத்தா ஞானஸ்நானம் பெற்ற கோயில் இப்போது மசூதி. பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்காரவைத்து டீ கொடுத்தார்களாம்.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இறங்கும் நம் கப்பல்காரர்கள் அக்ரோபோலிஸோடு திரும்பிவிடாதீர்கள். துறைமுகத்திலிருந்து கிஃபிசியா ரயில் நேராக நெயா இயோனியா போகிறது. சஃப்ரம்போலி எங்கே என்று யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள்.