பொய்யைப் பிழையின்றி அறியும் ஆற்றல் வரமாகுமா?

கயல்விழி:
பிறர் சொல்வது பொய் என்று பிழையின்றி அறியும் ஆற்றல் கிடைத்தால், அது வரமே என்பது என் உறுதியான கருத்து. என் தந்தை ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் 3 லட்சத்தை, இருபது ஆண்டுப் பழக்கமுள்ள ஒருவர் நடத்திய ஏலச்சீட்டில் கட்டினார். "அடுத்த மாதம் கட்டாயம் தந்துவிடுகிறேன், அண்ணே" என்று எங்கள் திண்ணையில் அமர்ந்து காபியை ஆற்றியபடி அவர் சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. பத்தே நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது நம் நினைப்புதான். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ ஆகிய உளவியலாளர்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கணிப்புகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தறிவது நூற்றுக்கு 54 முறைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே ஐம்பது கிடைத்துவிடும்.

மாறன்:
உண்மை கண்டறியும் கருவி அளப்பது இரத்த அழுத்தம், மூச்சு, வியர்வை ஆகியவற்றை. அதாவது அச்சத்தை, பொய்யை அன்று. சோவியத் ஒன்றியத்துக்கு உளவு சொன்ன அமெரிக்க அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 ஆகிய இரு சோதனைகளிலும் தேறிவிட்டார்.

கயல்விழி:
அது கருவியின் குறை, ஐயா. நான் பேசுவது குறையே இல்லாத ஆற்றலைப் பற்றி.

தென்னவன்:
குறையில்லாவிட்டாலும் என் மறுப்பு நிற்கும், சகோதரி. செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் இசைவின்றி இத்தகைய சோதனைகளை நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தபோது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும், மனத்துக்குள் இருப்பது ஒருவரின் சொந்த உரிமை என்பதையும் முன்வைத்தது. நீங்கள் கேட்கும் ஆற்றலோ எதிரில் இருப்பவரின் இசைவைக் கேட்பதே இல்லை.

என் அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தபோது, "வெறும் அல்சர்தான் அம்மா" என்று சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும்" என்றார். நான்கு மாதம் கழித்து, அவர் மறைந்த பின் அவருடைய பெட்டியை நான் திறந்தபோது, நகைகளைத் தனித்தனித் துணியில் முடிந்து, ஒவ்வொன்றிலும் யாருக்கு என்று சீட்டெழுதி வைத்திருந்தார்.

கயல்விழி:
படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: அந்த நான்கு மாதமும் அவர் தன் சாவைத் தனியாக அல்லவா சுமந்தார்? அவர் சொன்னது பொய் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், பக்கத்தில் அமர்ந்து மனம்விட்டுப் பேசியிருக்கலாமே?

தென்னவன்:
அந்தத் தனிமையை நினைத்து நான் அழாத நாள் குறைவு. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் அவர் "ஆறிவிடும்" என்றது மனதார என்றும், அவருக்கு எதுவும் தெரியாது என்றும் நான் நம்பியதால்தான், ஒவ்வொரு மாலையும் அவர் முன்னால் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவது அவருக்குப் பிடித்திருந்தது.