மறு: ‘ரான்சம்வேர் ஆஸ் எ சர்வீஸ்’ – வாரப் பணயநிரல் எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

> ‘பணயநிரல் சேவை’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ‘ரான்சம்வேர்’ நிரலுக்குப் ‘பணயநிரல்’ என்பது எனக்கும் உடன்பாடே. ‘சேவை’தான் உறுத்துகிறது. மருத்துவமனைக் கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு பறிக்கும் தொழிலுக்குத் தொண்டைக் குறிக்கும் சொல்லைக் கொடுக்க மனம் வரவில்லை. அதோடு, யாருக்கு யார் என்ன தருகிறார் என்பதும் அதில் தெரிவதில்லை.

தாக்கும் நிரலை ஒருவர் எழுத, இன்னொருவர் வாங்கிப் பயன்படுத்தும் இந்தச் சந்தையில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. மென்பொருள் ஓட்டைகள் வழியே கணினிகளைத் தொற்றவைக்கும் பிளாக்ஹோல் என்ற தாக்குகருவித் தொகுப்புக்கு ஆண்டுக்கு 1,500 டாலர், மூன்று மாதத்துக்கு 700 டாலர். எத்தனை கணினி சிக்கினாலும் கட்டணம் அதேதான். 2013 அக்டோபரில் அதை எழுதிய, ‘பாஞ்ச்’ என்ற புனைபெயர் கொண்டவர் ரஷ்யாவில் கைதான பிறகு அது ஓய்ந்தது. இது குத்தகை.

லாக்பிட், டார்க்சைடு கும்பல்களின் வழி வேறு. நிரல், பேரம் பேசும் தளம், திருடிய கோப்புகளை வெளியிடும் பக்கம் எல்லாம் ஆக்கியவர் பொறுப்பு. நிறுவனத்துக்குள் புகுந்து பூட்டுவது இன்னொருவர். பணம் வந்தால்தான் இருவருக்கும் பங்கு. லாக்பிட்டில் ஆக்கியவருக்கு 20%. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் டார்க்சைடுக்கு 75 பிட்காயின் கொடுத்தது. அடுத்த மாதம் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ மீட்டது 63.7. கிட்டத்தட்ட 85%, புகுந்தவரின் பங்கு அதுதான்.

நிலக்காரரும் உழுபவரும் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் இத்தகைய ஏற்பாட்டை நம் ஊரில் வாரம் என்போம். ஆகவே என் பரிந்துரை: பிளாக்ஹோல் வகைக்குக் ‘குத்தகைத் தாக்குகருவி’, லாக்பிட் வகைக்கு ‘வாரப் பணயநிரல்’. புகுபவர் ‘வாரதாரர்’. பங்குகளுக்கும் சொல் தயாராக இருக்கிறது: ஆக்கியவருக்குப் போவது மேல்வாரம், புகுந்தவருக்கு மிஞ்சுவது குடிவாரம். வாரம் என்றதும் ஏழு நாள் கணக்கு நினைவுக்கு வருமே என்று கேட்பீர்கள். இந்த இரண்டு சொற்களும் பக்கத்தில் நின்றால் அந்தக் குழப்பம் வராது.

உழவர் சொல்லைத் திருடருக்குத் தருவதா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் இந்தச் சொல் ஓர் உண்மையைப் பிடித்துவைக்கிறது. மேல்வாரம் வாங்குகிறவர் ‘நான் நிரல்தான் எழுதினேன்’ என்று ஒதுங்க முடியாது. ஒவ்வொரு தாக்குதலிலும் அவருக்குப் பங்கு இருக்கிறது. ‘சேவை’ என்றால் அவர் வெறும் கடைக்காரராகி விடுகிறார்.

திருட்டுக் கடவுச்சொற்களை விற்பவருக்கு ‘நுழைவுத் தரகர்’ போதும் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அவர் விலையை வாங்கிக்கொண்டு விலகிவிடுபவர், வாரத்தில் சேரமாட்டார். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.