ட்ரஸ்ட் சட்டம் படித்த யாராவது இருக்கிறீர்களா?

அண்ணாமார், அக்காமார், வணக்கம். திருகோணமலையில் இருந்துகொண்டு லண்டன் எல்.எல்.பி.யை வெளிவாரியாகப் படிக்கிறேன். ஈக்விட்டி (நியாய நெறிச் சட்டம்), ட்ரஸ்ட் (ஒருவர் சொத்தை இன்னொருவரின் நன்மைக்காகப் பொறுப்பேற்று வைத்திருப்பது) பாடத்தில் சிக்கி நிற்கிறேன்.

ஒரு ட்ரஸ்ட் செல்லுபடியாக ட்ரஸ்ட் உண்டாக்கும் நோக்கம், சொத்து, பயனாளிகள் மூன்றும் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று 'நைட் எதிர் நைட்' (1840) என்ற ஆங்கில வழக்கு சொன்னது. இந்த மூன்று நிச்சயங்களில் நோக்கமும் சொத்தும் சரி, பிடிபட்டுவிட்டன. பயனாளிகளில்தான் முட்டுகிறது. விருப்புரிமை ட்ரஸ்ட்டுக்கு (யாருக்கு எவ்வளவு என்பதைப் பொறுப்பாளரே முடிவு செய்வது) பயனாளிகளின் முழுப் பட்டியல் தேவையில்லை, ஒருவர் அந்த வகுப்புக்குள் வருகிறாரா இல்லையா என்று சொல்ல முடிந்தால் போதும் என்று 1970இல் 'மெக்ஃபெயில் எதிர் டோல்டன்' வழக்கில் தீர்த்தார்கள். அப்புறம் அதே வழக்கு திரும்பி வந்தபோது அந்த வகுப்பில் வந்த 'உறவினர்' என்ற சொல்லுக்கு மூன்று நீதிபதிகளும் மூன்று வழியாகப் போகிறார்கள். தலை சுற்றுகிறது. எங்கள் ஊரில் யார்தான் உறவினர் இல்லை!

இன்னொரு சந்தேகம், இது வீட்டு விஷயம். அம்மம்மா வாங்கிய கடனுக்கு ஈடாக உப்புவெளிக் காணியை அறுதி உறுதியாக (முழு விற்பனைப் பத்திரமாக) எழுதிக் கொடுத்தவர். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார், கிணற்றடித் தென்னையில் தேங்காயும் அவர்தான் பறிப்பிக்கிறார். எழுதிக் கொடுத்தவர் பயனுரிமையையும் விட்டுக்கொடுக்க நினைத்ததாகச் சூழ்நிலை காட்டாவிட்டால், வாங்கியவர் சொத்தை அவருக்காகவே வைத்திருக்க வேண்டும் என்கிறது எங்கள் இலங்கையின் 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு. இதற்கு அது பொருந்துமா?

தமிழில் குறிப்புகள், பழைய விடைத்தாள்கள் இருந்தால் இன்பொக்ஸில் போடுங்கள். திருமலையில் இருப்பவர் என்றால் பின்னேரம் நேரில் வந்தும் கேட்பேன்; பிளேன்டீ என் செலவு.