தரவையில மரம் நடுறதோ?

தரவைப்பக்கம்:
வன்னியில எங்கட ஊருக்குப் பின்னால இருக்கிற தரவையில, அதுதான் மாடு மேயிற புல்வெளியில, மாரி தொடங்கத் தேக்கும் மலைவேம்பும் நடப்போறம் எண்டு ஒரு கழகம் கடிதம் குடுத்திருக்கு. "வெறும் வெட்டை, சும்மா கிடக்குது" எண்டு எழுதியிருக்கினம். வேண்டாம் எண்டு சொல்லி நான் கூட்டத்தில நல்லா வாங்கிக் கட்டினன்.

அது சும்மா கிடக்கேல்லை. சித்திரை, வைகாசியில போய்ப் பாருங்கோ. ஆள்காட்டிக் குருவி சிரட்டையளவு குழியில நாலு முட்டை இட்டிருக்கும். சுள்ளி, பஞ்சு ஒண்டும் இல்லை. மண்ணிறத்தில கரும்புள்ளி, காய்ஞ்ச சாணத்துக்குப் பக்கத்தில கிடந்தா மிதிக்கிற மட்டும் தெரியாது. மாடு கிட்ட வந்தா தாய் எழும்பி, ரெண்டு செட்டையையும் விரிச்சு, மாட்டின்ர மூஞ்சிக்கு நேர நிண்டு கத்தும். மாடும் விலத்திப் போகும். கவுதாரியும் வானம்பாடியும் நிலத்திலதான் முட்டையிடுறது. மரம் வந்தால் காகம் குந்தியிருந்து நோட்டம் பாக்க இடம் கிடைச்சிடும்.

ராஜஸ்தானில, தார்ப் பாலைவனத்தில கானமயிலுக்கு, அந்தப் பெரிய புல்வெளிப் பறவைக்கு, நடந்ததைப் பாருங்கோ. இப்ப மிஞ்சினது 150 அளவில. வேட்டை ஒரு காரணம். புல்வெளியைத் தரிசு எண்டு பதிஞ்சு, இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணி வந்த உடன உழுததும், மரம் நட்டதும் மற்றக் காரணம்.

மரநிழல்:
ராஜஸ்தானை எங்கள் வன்னி மண்ணோடு முடிச்சுப் போடாதீர்கள். ஜெய்சல்மேரில் வருடத்துக்கு 200 மில்லிமீற்றர் மழையும் இல்லை, இங்கே 1000க்கு மேல். கானமயில் இலங்கையிலேயே இல்லாத பறவை. ஆள்காட்டியோ அழியும் பறவையே இல்லை, இரவிரவாகக் கூரைக்கு மேலால் கத்திக்கொண்டு திரிகிறது. யுத்தத்தில் மொட்டையாகிப்போன ஊருக்கு நிழல் வேண்டாமா?

தரவைப்பக்கம்:
நிழல் வேணும்தான். றோட்டுக்கரை இருக்கு, பள்ளிக்கூட வளவு இருக்கு, அங்க நடுங்கோ. ஆள்காட்டியைப் பற்றிச் சொன்னது சரி, அது எங்கயும் பிழைக்கும். கவுதாரி அப்பிடி இல்லை. இந்த நாட்டில அது புத்தளத்தில இருந்து மன்னார், யாழ்ப்பாணம் வரைக்கும் உள்ள வறண்ட கரையோரத்திலதான். மன்னார்ப் பக்கத்து வங்காலையை 2008இல சரணாலயமாக்கி, 2010இல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநிலப் பட்டியலில சேர்த்தவை. பூநாரையையும் வாத்தையும் பாக்க ஆக்கள் வருகினம். பக்கத்துப் புல்தரையில சீமைக்கருவேல் ஏறுறதை ஆர் பாக்கினம்?

வன்னிப்பட்டி:
தம்பி, நல்லாத்தான் கதைக்கிறீர். ஆனா கழகத்துக்கு எழுதிற பதில் கடிதத்தில "பறவைக்குரிய இடம்" எண்டு மட்டும் எழுதிப் போடாதையும். இடம்பெயர்ந்து திரும்பி வந்து பாத்தா எங்கட அப்பு மாடு சாய்ச்ச இடத்தில எல்லைக்கல். காலபோக நெல்லு விதைச்சா மாட்டுப்பட்டியை எங்க கொண்டுபோறது? காட்டுக்க போனா வழக்கு, வயலுக்க போனா வெட்டு. மரமெண்டாலும் பறவையெண்டாலும் போறது என்ர மேய்ச்சல் தரைதான்.

மன்னார்க்காத்து:
கரண்ட் எடுக்கிற காத்தாடியை ஒருத்தரும் கதைக்கேல்லையே? மன்னார்த் தீவின்ர தென்கரையில ஏற்கெனவே 30 கோபுரம், 103.5 மெகாவாற். அங்க இன்னொரு காத்தாடித் திட்டத்துக்கு வந்த இந்தியாவின்ர அதானி கம்பனி 2025 மாசியில விலகினது. அதோட காத்தாடிக் கதை முடிஞ்சுதெண்டு நினைக்காதேங்கோ. காத்தாடியோட மின்கம்பியும் வரும். கானமயிலுக்குக் கண் பக்கவாட்டில, நேர முன்னால இருக்கிற மின்கம்பி சரியாத் தெரியாது. 15 கிலோ வரைக்கும் பாரமான பறவை கடைசி நேரத்தில திரும்பேலாமல் அடிபட்டுச் சாகுது. இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல கம்பியை நிலத்துக்குக் கீழ போடச் சொல்லி, 2024இல பெரும்பகுதிக்குத் தளர்த்திப்போட்டுது.

மரநிழல்:
தலைப்பு மரம். காற்றாலைக்கு வேறு இழை தொடங்குங்கள். கரண்ட் பில் கட்டுகிறவர்களும் அங்கே வந்து பதில் சொல்லுவார்கள்.

தரவைப்பக்கம்:
வன்னிப்பட்டி அண்ணை, நான் மாட்டை வெளியேத்தச் சொல்லேல்லை. மாடு மேயாட்டி புல் இடுப்பளவுக்கு வளரும், பிறகு பத்தை ஏறும். ராஜஸ்தானில ஓரண் எண்டு ஊர்ப்பொது நிலங்கள் இருக்கு. கோயில் பேரில விட்டது, மரம் வெட்டமாட்டினம், ஆடு மாடு மேயும். ஜெய்சல்மேரில தேகராய் ஓரணில கானமயிலும் வந்து போறது. சூரியசக்திக் கம்பனிக்கு எதிரா அங்க முன்னுக்கு நிண்டது ஊர்ச்சனம். அது போல, "ஊரின்ர மேய்ச்சல் தரை, மரம் நடுறதில்லை, உழுறதில்லை" எண்டு பதிவம்.

ஒண்டு மட்டும் நீங்கள் செய்யவேணும். முட்டைக் காலத்தில பட்டி நாயளைக் கட்டுங்கோ. நிலத்தில கிடக்கிற முட்டைக்கும் குஞ்சுக்கும் நாய்தான் பெரிய எமன். தாரிலயும் அதே பிரச்சினை.

வன்னிப்பட்டி:
நாயைக் கட்டினா நரி மாட்டுக்கண்டைத் தூக்கும். ராவில அவிழ்த்துவிட்டு, பகலில கட்டலாம், அது பெரிய வேலையில்லை. ஆனா "மேய்ச்சல் தரை" எண்டு பதிஞ்ச காணியில அடுத்த வருசம் கல்லு நடமாட்டினம் எண்டு ஆர் கையெழுத்துப் போடுறது? அந்தக் கடதாசியைக் கொண்டாரும், அண்டைக்கே கயிறு வாங்கிறன்.

மரநிழல்:
றோட்டுக்கரையில் நடுவதற்குக் கழகம் ஒத்துக்கொள்ளும் போல இருக்கிறது. தேக்கு அங்கே சரிவராது, வேம்பு, மருது பார்க்கலாம். ஞாயிறு கூட்டத்துக்குப் பட்டிக்காரர் எத்தனை பேர் வருவீர்கள்?