பொருள்: ஆண்டு மலர் நன்கொடையும் பெரியவர்களின் பழைய தொழில்களும்

சங்கத் தலைவர் அண்ணாவுக்கும் குழுவில் உள்ள உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு மலருக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கேட்டுச் செயலாளர் அனுப்பிய மடலையும், முன்பு திரட்டிய பணத்தின் மிச்சம் எங்கே என்று டல்லாஸ் மாமா எழுப்பியிருக்கும் கணக்குக் கேள்விகளையும், தாத்தா கூத்தில் பெண் வேடம் கட்டியதை மலரில் போடக்கூடாது என்ற சிங்கப்பூர் பெரியப்பாவின் கண்டனத்தையும் படித்தேன். மூன்றுக்கும் சேர்த்தே இந்தப் பதிலை எழுதுகிறேன். பணம் தருவதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் இணைப்பில் வந்த வரைவில் 'நம் பெரியவர்கள்' என்ற பகுதியைப் பார்த்த பிறகு, எதற்காகத் தருகிறோம் என்பதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

அந்தப் பகுதியில் என் அப்பாவைப் பற்றி ஒரே வரி இருக்கிறது: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், பொழுதுபோக்கு நூல் வாசிப்பு. தினத்தந்தியைத் தவிர வேறு எதையும் அப்பா விரும்பிப் படித்து எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பள்ளி இறுதித் தேர்வில் தவறியதும், கன்னங்குறிச்சியிலிருந்து நடந்தே போய், சேலம் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் லைட்பாயாகச் சேர்ந்தவர் அவர். 1956-இல் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்து வண்ணச் சுருளுக்குக் கறுப்பு வெள்ளைக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும் என்பதும், அந்த வெளிச்சத்தைப் பரண்மேல் வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து காத்தவர்களில் ஒருவர் என் அப்பா என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு கரிக்குச்சிகளின் முனைகளுக்கு நடுவே மின்சாரம் பாய்வதுதான் அந்த விளக்கு. எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், வெளிச்சம் துடிக்கும், துடித்தால் அந்த ஷாட் வீண். அதனால் கறுப்புக் கண்ணாடி வழியாக முனைகளைப் பார்த்தபடியே கைப்பிடியைத் திருகி இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். பிற்பாடு தனியாகத் தேர்வு எழுதி, படித்து, ஆசிரியராகி, ஒளியைப் பற்றிப் பாடம் எடுத்த நாட்களில் சட்டைப் பையிலிருந்து செம்பு பூசிய கரித்துண்டு ஒன்றை எடுத்து வகுப்பில் சுற்றுக்கு விடுவார். ஆதாருக்குக் கைரேகை எடுக்கப் போன இடத்தில் இயந்திரம் அவருடைய வலது ஆள்காட்டி விரலை மட்டும் ஏற்க மறுத்தது. எடுத்துக்கொண்டிருந்த பையனிடம், "அது எம்.ஜி.ஆருக்கு வெளிச்சம் காட்டின விரல், தம்பி. அதை விட்டுட்டு அடுத்த விரலை எடு" என்றார்.

இதை நான் எழுதிக் கொடுத்தும் வரைவில் காணவில்லை. கேட்டதற்கு, 'மரியாதைக்குரிய பதவிகளை மட்டும் போடலாம் என்று முடிவாகியிருக்கிறது' என்று பதில் வந்தது. எந்தக் கூட்டத்தில் முடிவானது என்று தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே மலரின் முதல் நான்கு பக்கங்கள் மாடர்ன் தியேட்டர்ஸின் பெருமைக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 1935-இல் டி.ஆர். சுந்தரம் அதைத் தொடங்கியது, 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' அங்கே உருவானது, 1950-இல் வந்த 'மந்திரி குமாரி'க்குக் கலைஞர் வசனம் எழுதியது எல்லாம் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் சுந்தரம் இங்கிலாந்துக்குப் போய்ப் படித்தது நெசவுத் தொழில்நுட்பம் என்ற சுவையான செய்தியைக் காணோம். நெசவு படித்தவர் படம் எடுத்தார் என்றால் அது பெருமை, படப்பிடிப்பில் விளக்குப் பிடித்தவர் பாடம் நடத்தினார் என்றால் அது மறைக்க வேண்டிய சேதியா?

சிங்கப்பூர் பெரியப்பாவுக்கு மரியாதையோடு சொல்கிறேன். தாத்தா கூத்தில் பெண் வேடம் கட்டியதை அச்சில் போட்டால் பேத்தியின் சம்பந்தம் பேசும் இடத்தில் தலைகுனிவு என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக அவர் நாற்காலியில் உட்கார்ந்ததை மட்டும் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருக்கலாம். ஆனால் திரௌபதி அம்மன் திருவிழாவில், துகிலுரிதல் இரவன்று, அவர் பகலெல்லாம் விரதம் இருந்து, அரிதாரம் பூசி, பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டி, சபையில் வந்து நின்றால், ஊர்ப் பெண்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள் என்று என் அம்மா இன்றும் சொல்கிறார். துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன் அவர் காலில் விழுந்து எழுந்துதான் கையை வைப்பாராம். மறுநாள் காலை அதே மனிதர் வேட்டி கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்கு இருப்புப் பார்க்கப் போவார், யாரும் ஒரு வார்த்தை கேலி பேசியதில்லை. அவரை அப்போது கும்பிட்ட வீடுகளில்தான் நீங்கள் இப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தலைகுனிவு என்ற பேச்சு வரும்போது, கிணற்று விவகாரத்தில் பஞ்சாயத்தின் முன் யார் வாய் திறக்காமல் நின்றார்கள் என்பதும் எனக்கு நினைவு வருகிறது. அதை இங்கே இழுக்க விரும்பவில்லை.

டல்லாஸ் மாமா கேட்டிருப்பது நியாயமான கேள்வி. அரசமரத்து மேடைக்குத் திரட்டிய பணத்தில் மிச்சம் எவ்வளவு, அது எந்தக் கணக்கில் கிடக்கிறது என்று தெரியாமல் புதிதாகக் கை நீட்டுவது சரியில்லை. ஆனால் மாமா, உங்களுடைய இந்தக் கணக்குப் புத்தி எங்கிருந்து வந்தது என்பதும் மலரில் வர வேண்டிய விஷயம்தான். உங்கள் அப்பத்தா வெள்ளைக்கல் சுரங்கத்தில் கூடை சுமந்தவர். வெட்டி எடுத்த மேக்னசைட்டைச் சுத்தியலால் உடைத்து, மண்ணும் கழிவுக்கல்லும் போக வெள்ளையை மட்டும் பொறுக்கிக் குவிக்கும் வேலை. சூளையில் சுட்ட பிறகு இரும்பாலை உலைகளுக்கு உட்பூச்சாகப் போகிற கல் அது. மேஸ்திரி எழுதும் எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லாமல், எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா, அன்றன்றைய கூடைகளை வீட்டுச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைத்து, சம்பள நாளன்று குறைந்தால் மேஸ்திரியை வீட்டுக்கே கூட்டிவந்து சுவரைக் காட்டுவாராம். உங்கள் வீட்டுப் பக்கத்தில் அவருக்கு 'இல்லத்தரசி' என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் அச்சுக் கூலியை மட்டும் கேட்டுவிட்டு அதைக் கேட்காமல் விட்டது எனக்கு வருத்தம்.

ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்த அத்தைகளும், அங்குள்ள ஆர்க்கிட் தோட்டத்துக்காகக் காட்டுக்குள் செடி சேகரிக்கக் கூடவே போய் இலைகளைக் காகிதத்தில் அழுத்திக் கட்டிச் சுமந்துவந்த லாரி புக்கிங் மாமாவும் இதே கதைதான். 'விவசாயம்', 'வணிகம்' என்று முடித்துவிட்டார்கள்.

பொழுதுபோக்கு என்றால் என்னவோ சில்லறை விஷயம் என்று மலர்க் குழு நினைப்பதாகத் தெரிகிறது. ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக் கல் இருக்கிறது, நம்மில் பலர் சுற்றுலா போனபோது அதைத் தாண்டி நடந்திருப்போம். அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை நிலவியல் அளவை. கற்கால மனிதனின் கருவிகளைத் தேடியது அந்த வேலைக்கு இடையே அவராகச் செய்துகொண்டது. 1863-இல் பல்லாவரத்தில் அவர் குனிந்து எடுத்த கற்கருவியால்தான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வே தொடங்கியது. ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் குடியிருந்த அவரிடமிருந்து அந்தச் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. அவர் பெயரைக் கேட்டால் நிலவியல் அறிக்கைகளை யார் நினைக்கிறார்கள்?

இனி, கவலைப்பட வேண்டிய செய்தி. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த என் சித்தி மகன் சங்கக் கட்டடத்து மர அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறான். பெரியவர்களிடம் முன்பு கேட்டு எழுதிய குறிப்பேடுகளில் கீழ்த்தட்டில் இருந்தவை கரையான் அரித்து மண்ணாகக் கிடக்கின்றன. கூத்துக் குழுவின் புகைப்படத்தில் முகங்கள் வரை பூஞ்சை ஏறியிருக்கிறது. அவன் அனுப்பிய படங்களைச் செயலாளருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. சொன்னவர்களில் பலர் இப்போது இல்லை என்பதால், அந்த ஏடுகள் போனால் திரும்பக் கேட்டு எழுத வழியும் இல்லை.

ஆகவே என் கருத்து இது. வழவழப்பான தாளில் வண்ண மலர் வேண்டாம். சாதாரணத் தாளில், குறைந்த பக்கங்களில், நான்கு பக்கத் திரையுலகப் பெருமையை ஒரு பக்கமாகச் சுருக்கிப் போட்டால் போதும். மிச்சமாகும் தொகையில் அலமாரியில் எஞ்சியிருப்பதை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் ஆள் அனுப்பி, இளமையில் என்ன வேலை பார்த்தீர்கள், எதில் பைத்தியமாக இருந்தீர்கள் என்று கேட்டுக் குரலைப் பதிவு செய்ய வேண்டும். எதை அச்சில் போடலாம், எதை வேண்டாம் என்பதை அந்தப் பெரியவரே சொல்லட்டும். காலமானவர்கள் விஷயத்தில் வீட்டில் மூத்தவர் சொல்லட்டும். சிங்கப்பூர் பெரியப்பா வீட்டில் மூத்தவர் பெரிய அத்தை என்பதையும், அவர் நேற்று என் அம்மாவிடம் தொலைபேசியில் "போடச் சொல்லு, வேசம் கட்டின போட்டோவோட போடச் சொல்லு" என்று சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

டல்லாஸ் மாமா கேட்ட பழைய கணக்கையும், மேலே சொன்னபடி திருத்திய செலவுத் திட்டத்தையும் பொருளாளர் குழுவில் வெளியிட்ட மறுநாள் என் பங்கு 5,000 ரூபாயையும், ஸ்கேன் வேலைக்காகத் தனியாக 10,000 ரூபாயையும் அனுப்பிவிடுகிறேன். அதுவரை அனுப்ப மாட்டேன். அலமாரிச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைச் செயலாளர் இந்த வாரத்துக்குள் எழுதினால், சித்தி மகன் அடுத்த சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வந்து ஏடுகளை எடுத்து வெயிலில் காயவைத்து, உலர்ந்த பெட்டிக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். பூட்டை உடைத்தான் என்று பிறகு யாரும் மடல் எழுத வேண்டாம் என்பதற்காகவே முன்கூட்டிக் கேட்கிறேன்.

அன்புடன்,
மஸ்கட்டிலிருந்து,
இயற்பியல் வாத்தியார் மகள்